டெஸ்ட் பெஞ்சை 24 மணி நேரமும் ஆன்ல வைக்கலாமா? இ.பி. பில், கருவியோட ஆயுள், உங்க நேரம்: மூணுக்கும் ஒரு கணக்கு



வேலைக்குப் போய்க்கிட்டே வீட்டுல ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் பெஞ்ச் போட்டிருக்கிறவங்ககிட்ட எப்பவும் ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி, "ஆசிலோஸ்கோப், மல்டிமீட்டர், பவர் சப்ளை எல்லாம் ஆன்லயே இருக்கணும், அடிக்கடி ஆன் ஆஃப் பண்ணினாதான் போகும்"னு சொல்லும். இன்னொரு கட்சி, டீ குடிக்க எழுந்தாக்கூட மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டுப் போகும். ரெண்டு பேரும் "என் குருநாதர் சொன்னார்"னுதான் சொல்வாங்களே தவிர, ஒருத்தரும் பேப்பர்ல கணக்கு போட்டுக் காட்ட மாட்டாங்க.

நம்ம பிளாக்ல எதுவா இருந்தாலும் கணக்கு போட்டுத்தான் பேசுவோம். மாசச் சம்பளத்துக்கு மேல ஒரு நாலாயிரம், ஐயாயிரம் சைடு வருமானம் பார்க்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்த வருமானத்துல பத்துல ஒரு பங்கு, உங்களுக்கே தெரியாம, இ.பி. பில் வழியா வெளிய போய்க்கிட்டு இருக்கலாம். எப்படின்னு பார்க்கலாம் வாங்க.

"ஆன்லயே வை" என்கிற பழக்கம் எங்க இருந்து வந்துச்சு?

இந்தப் பழக்கம் முட்டாள்தனமா ஆரம்பிச்சது இல்லை. வால்வு ரேடியோ காலத்துல அது நியாயமான புத்திமதி.

அமெரிக்காவுல 1940-கள்ல கட்டின எனியாக் கம்ப்யூட்டரை எடுத்துக்கோங்க. அதுல சுமார் 18,000 வால்வு. ஏறக்குறைய 150 கிலோவாட் கரண்ட் இழுக்கும். வால்வுகள் பெரும்பாலும் எப்ப போச்சுன்னா, மெஷினை ஆன் பண்ணி சூடாகிற நேரத்துலயும், ஆஃப் பண்ணி ஆறுற நேரத்துலயும்தான். காரணம் ஃபிலமென்ட். குளிர்ந்த ஃபிலமென்டுக்கு ரெசிஸ்டன்ஸ் கம்மி, அதனால ஆன் பண்ணின கணத்துல கரண்ட் வழக்கத்தை விட நிறையப் பாயும். குண்டு பல்ப் ஸ்விட்ச் போட்ட உடனே 'டிக்'னு ஃப்யூஸ் ஆகுமே, அதே கதைதான். அதனால எனியாக்கை அணைக்காமலே ஓட்டினாங்க. 1947-ல இருந்து 1955 வரைக்கும் அது கிட்டத்தட்ட தொடர்ந்து ஓடுச்சு.

நம்ம ஊர்ல பழைய ரேடியோ மெக்கானிக்குகள் சொன்னதும் இந்த அனுபவத்துல இருந்து வந்ததுதான். ஆனா இன்னைக்கு உங்க மேஜையில இருக்கிற கருவிக்குள்ள வால்வு இல்லை. ஐ.சி. இருக்கு, எஸ்.எம்.பி.எஸ். இருக்கு, எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் இருக்கு, ஒரு சின்ன ஃபேன் இருக்கு. கருவி மாறிடுச்சு, அது பழுதாகிற காரணமும் மாறிடுச்சு, புத்திமதி மட்டும் அப்படியே நிக்குது.

முதல் கணக்கு: கரண்ட்

சிம்மக்கல்ல ஒரு மாடி ரூம்னு வச்சுக்குவோம். பகல்ல கம்பெனி வேலை, ராத்திரி மூணு மணி நேரம் போர்டு ரிப்பேர். பெஞ்சுல நாலு கருவி:

- டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்: 30 வாட்
- பெஞ்ச் மல்டிமீட்டர்: 10 வாட்
- டி.சி. பவர் சப்ளை, லோடு எதுவும் மாட்டாம: 15 வாட்
- ஃபங்ஷன் ஜெனரேட்டர்: 15 வாட்

மொத்தம் 70 வாட். "அட, ஒரு சீலிங் ஃபேன் அளவுதானே"ன்னு தோணும். ஆமா, அவ்வளவுதான். ஆனா 24 மணி நேரமும் ஓடுற ஃபேன்.

70 வாட் × 24 மணி × 60 நாள் = 100.8 யூனிட்.

இந்த எண்ணை ஒரு தடவை நல்லாப் பாருங்க. தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த இலவசம் மொத்தத்தையும், யாரும் தொடாத நேரத்துலயும் சேர்த்து, இந்த பெஞ்ச் ஒண்ணே சாப்பிட்டுடும்.

இப்ப தேவைப்படும்போது மட்டும் போடுறவர் கணக்கு. மாசத்துக்கு 25 நாள், ஒரு நாளைக்கு 3 மணி நேர வேலை, அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் சூடாக. ரெண்டு மாசத்துக்கு 175 மணி நேரம். 70 வாட் × 175 = 12.25 யூனிட்.

வித்தியாசம் சுமார் 89 யூனிட். இதை ரூபாயா மாத்தும்போதுதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. மொத்த பில்லை மொத்த யூனிட்டால வகுத்து, "யூனிட்டுக்கு மூணு ரூபாய்தான் ஆகுது"ன்னு சராசரி எடுப்பாங்க. அப்படிப் பார்க்கக் கூடாது. புதுசா சேர்ற யூனிட் எப்பவும் உங்க பில்லோட உச்சிப் படியிலதான் போய் உக்காரும். இன்கம் டாக்ஸ் ஸ்லாப் மாதிரியேதான். சம்பளம் ஏறினா, ஏறின தொகைக்கு மேல் ஸ்லாப் ரேட்டுதானே போடுறாங்க? அதே கணக்கு.

2024 ஜூலையில இருந்து வந்த வீட்டுக் கட்டணத்தை வச்சு போடுறேன். 500 யூனிட்டுக்குள்ள இருந்தா, முதல் 100 இலவசம், 101-ல இருந்து 200 வரை 2.35 ரூபாய், 201-ல இருந்து 400 வரை 4.70, 401-ல இருந்து 500 வரை 6.30. கட்டணம் மாறியிருந்தா உங்க பில்லுல இருக்கிற ரேட்டைப் போட்டுக்கோங்க. கணக்குப் போடுற முறை மாறாது.

தனியா இருக்கிறவர், பெஞ்ச் இல்லாம 180 யூனிட்:
- தேவைக்கு மட்டும் போட்டா 192 யூனிட், பில் 216 ரூபாய்.
- எப்பவும் ஆன்ல வச்சா 281 யூனிட், பில் 616 ரூபாய்.
- வித்தியாசம் 400 ரூபாய். பில் கிட்டத்தட்ட மூணு மடங்கு.

குடும்பம், கோடைக்காலம், ஒரு ஏ.சி., பெஞ்ச் இல்லாம 430 யூனிட்:
- தேவைக்கு மட்டும் போட்டா 442 யூனிட், பில் 1,440 ரூபாய்.
- எப்பவும் ஆன்ல வச்சா 531 யூனிட், பில் 2,300 ரூபாய்.
- வித்தியாசம் 860 ரூபாய்.

ரெண்டாவது வீட்டுல அதே 89 யூனிட்டுக்கு ஏன் ரெண்டு மடங்கு காசு? 500-ஐத் தாண்டினதுதான் காரணம். தாண்டின யூனிட்டுக்கு 8.40 ரூபாய் ரேட்டு, அது ஒண்ணு. அதோட, 101-ல இருந்து 200 வரைக்கும் கிடைச்ச பாதிச் சலுகையும் போயிடும். அந்த 100 யூனிட்டுக்கும் 2.35-க்குப் பதிலா 4.70 கட்டணும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் பில் வரும். 501 ஆனா 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! கோடையில 450, 480-ல நிக்கிற வீடுகளுக்கு, ராத்திரி பூரா சும்மா ஓடுற 70 வாட் இந்தப் பள்ளத்துல தள்ளிவிட்டுடும்.

ரெண்டு மாசத்துக்கு 860-ன்னா மாசத்துக்கு 430. சைடு வருமானம் மாசம் 4,000 ரூபாய்னா, பத்துல ஒரு பங்குக்கு மேல போச்சு. மேல சொன்னது இதைத்தான்.

வாடகை வீட்டுல சப் மீட்டர் வச்சு, யூனிட்டுக்கு 9 ரூபாய்னு ஓனர்கிட்டப் பேசியிருக்கீங்களா? அப்ப உங்களுக்கு இலவச 100-ம் இல்லை, ஸ்லாப்பும் இல்லை. 89 × 9 = 801 ரூபாய், ஒவ்வொரு ரெண்டு மாசமும். வருஷத்துக்கு 4,800 ரூபாய்.

ஒரு வாய்ப்பாடு மனசுல வச்சுக்கோங்க: 1 வாட் வருஷம் பூரா ஓடினா 8.76 யூனிட். இது பெஞ்சுக்கு மட்டும் இல்லை, வீட்டுல எதுக்கு வேணாலும் பொருந்தும். யாரும் பார்க்காத நேரத்துல செட் டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்தா வருஷத்துக்கு 87 யூனிட். கணக்கு அவ்வளவு சுலபம்.

உங்க பெஞ்ச் உண்மையில எவ்வளவு இழுக்குது?

மேல போட்ட 70 வாட் ஒரு உதாரணம். கருவிக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல "50 வாட்"னு இருந்தா அது அதிகபட்சம், எப்பவும் அவ்வளவு இழுக்காது. அளந்து பார்க்க ரெண்டு வழி.

ஒண்ணு, ப்ளக்-இன் எனர்ஜி மீட்டர். சுவத்து சாக்கெட்டுல இதை மாட்டி, இதுல கருவியை மாட்டினா வாட் எவ்வளவுன்னு காட்டிடும்.

ரெண்டாவது, காசே இல்லாத வழி. வீட்டு இ.பி. மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி. சிமிட்டிக்கிட்டே இருக்கும். பக்கத்துலயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல்னு அச்சடிச்சிருக்கும். 3,200-னு இருக்குன்னு வச்சுக்குவோம். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாத்தையும் பத்து நிமிஷம் அணைச்சுட்டு, பெஞ்சை மட்டும் ஆன் பண்ணி, பத்து நிமிஷத்துல எத்தனை தடவை சிமிட்டுதுன்னு எண்ணுங்க. 37 தடவைன்னா: 37 × 6 × 1,000 ÷ 3,200 = சுமார் 69 வாட்.

இதே முறையில இன்னொண்ணும் பாருங்க. முன்பக்க பட்டன்ல "ஆஃப்" பண்ணின பிறகும் சில கருவிகள் ஓரிரண்டு வாட் இழுத்துக்கிட்டு இருக்கும். அது நிஜ ஸ்விட்ச் இல்லை, தூங்கப் போடுற பட்டன். சுவத்து ஸ்விட்சை அணைச்சாத்தான் முழு ஆஃப்.

ரெண்டாவது கணக்கு: கருவியோட ஆயுள்

"கரண்ட் காசு போனாப் போகுது, 35,000 ரூபாய் ஸ்கோப் நல்லா இருக்கணும்ல?" நியாயமான கேள்வி. ரெண்டு பக்கமும் எடை போடலாம்.

ஆன்லயே வச்சா என்ன தேயும்? முதல்ல எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். அது மேல 105 டிகிரின்னு எழுதியிருக்கும். டேட்டாஷீட்டைப் பார்த்தா, அந்த 105 டிகிரி சூட்டுல 2,000 மணி நேரம்னு போட்டிருப்பாங்க. சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ரெண்டு மடங்கு ஆகும்ங்கிறது துறையில எல்லாரும் வச்சிருக்கிற கணக்கு. கருவிக்குள்ள கெபாசிட்டர் 65 டிகிரியில இருக்குன்னா, 40 டிகிரி கம்மி, நாலு தடவை இரட்டிக்கணும்: 2,000 × 16 = 32,000 மணி நேரம்.

வருஷத்துக்கு 8,760 மணி நேரம். எப்பவும் ஆன்னா 32,000 மணி நேரம் மூணரை வருஷத்துல தீர்ந்துடும். ஒரு நாளைக்கு மூணரை மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள்னா 1,050 மணி நேரம்தான் ஆகும். காகிதக் கணக்குல 30 வருஷம் வரும். ஆனா கெபாசிட்டர் தயாரிப்பாளர்களே இந்தக் கணக்கை 15 வருஷத்தோட நிறுத்திக்கச் சொல்றாங்க, ஏன்னா சும்மா இருந்தாலும் அதோட ரப்பர் சீல் வயசாகும். சரி, 15 வருஷம்னே வச்சுக்குவோம். மூணரை எங்க, பதினஞ்சு எங்க?

இதுல மதுரை வெயிலையும் சேர்த்துக்கோங்க. சித்திரை, வைகாசியில வெளிய 40 டிகிரியைத் தொடுது. ஓடு போட்ட மாடி ரூம், ஜன்னலைச் சாத்திட்டு ஆபீஸ் போயிட்டீங்க, உள்ள கருவி ஓடிக்கிட்டு இருக்கு. ரூம் சூடு 30-ல இருந்து 40 ஆனா, கருவிக்குள்ளயும் அந்த 10 டிகிரி ஏறும். அதாவது அந்த மணி நேரங்கள்ல ஆயுள் ரெண்டு மடங்கு வேகமாத் தேயுது.

அடுத்து ஃபேன். அது ஓடுற ஒவ்வொரு மணி நேரமும் தூசியை உள்ள இழுக்கும், பேரிங்கும் தேயும். டிஸ்ப்ளேவும் அப்படித்தான். பழைய பெஞ்ச் மீட்டர்ல பச்சை நீலமா ஒளிர்ற வி.எஃப்.டி. டிஸ்ப்ளே, ஓடின மணி நேரத்துக்கு ஏத்த மாதிரி மங்கிக்கிட்டே வரும். பழைய பிக்சர் ட்யூப் ஸ்கோப்ல ஒரே இடத்துல புள்ளியை வெளிச்சமா விட்டுட்டுப் போனா, அந்த இடம் கருகி நிரந்தர வடு ஆயிடும்.

இப்ப எதிர்க்கட்சி வாதம். ஆன் ஆஃப் பண்ணினா தேயாதா? தேயும். சூடாகி ஆறும்போது சால்டரும் போர்டும் வேற வேற அளவுல விரிஞ்சு சுருங்கும். ஆன் பண்ணின உடனே எஸ்.எம்.பி.எஸ்.-ல ஒரு கரண்ட் பாய்ச்சல் இருக்கும். ஸ்விட்சும் தேயும். ஆனா எவ்வளவு? சாதாரண பவர் ஸ்விட்ச் பலதுக்கு 10,000 தடவைன்னு ஆயுள் சொல்லியிருப்பாங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு 300 தடவைன்னா, 33 வருஷம் வரும். கவலையே வேண்டாம். அதே ஸ்விட்சை ஒரு நாளைக்குப் பத்து தடவை தட்டினா மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல.

அதனால ரெண்டு கட்சியும் பாதி சரி, பாதி தப்பு. ஒரு நாளைக்கு ஒரு தடவை ஆன், ஒரு தடவை ஆஃப்: நல்லது. டீக்கு ஒரு தடவை, போனுக்கு ஒரு தடவை ஆஃப்: தேவையில்லை. ஒரு மணி நேர இடைவேளைக்கு 70 வாட் ஓடினா 0.07 யூனிட், உச்சி ரேட்டுல போட்டாலும் அறுபது காசு. அதுக்காக அணைச்சு, மறுபடி சூடாக்கிக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொண்ணு, மின்தடை. மாதாந்திர பராமரிப்புன்னு பகல் முழுக்க கரண்ட் போய், திரும்ப வரும்போது வோல்டேஜ் எப்படி வரும்னு யாருக்கும் தெரியாது. கோடை மழை இடி வேற. நீங்க ஆபீஸ்ல இருக்கீங்க, கருவி ஆன்ல இருக்கு. ஆன்லயே இருக்கிற கருவி வருஷத்துல வர்ற எல்லா அடியையும் வாங்கும். சுவத்துல இருந்து பிடுங்கி வச்ச கருவி ஒண்ணைக்கூட வாங்காது. அதோட பவர் சப்ளையில லித்தியம் பேட்டரி சார்ஜ் போட்டுட்டோ, சால்டரிங் அயர்னை சூட்டுல விட்டுட்டோ வெளிய போறது, காசுக் கணக்குல வர்ற விஷயமே இல்லை. அது வீட்டுல இருக்கிறவங்க உயிர் சம்பந்தப்பட்டது. பண்ணவே பண்ணாதீங்க.

மூணாவது கணக்கு: உங்க நேரம்

ஆன்லயே வைக்கிறதுக்கு ஒரு உண்மையான காரணம் இருக்கு. துல்லியம். அளவுக் கருவி எதுவும் ஆன் பண்ணின உடனே அதோட முழுத் துல்லியத்துக்கு வராது. உள்ள இருக்கிற ரெஃபரன்ஸ், ரெசிஸ்டர் எல்லாம் ஒரு நிலையான சூட்டுக்கு வரணும். அதனாலதான் பெரும்பாலான ஸ்கோப் மேனுவல்ல "30 நிமிஷம் ஓடின பிறகு"ன்னு போட்டிருக்கும். ஹெச்.பி. 34401ஏ மாதிரி ஆறரை இலக்க மல்டிமீட்டருக்கு ஒரு மணி நேரம்.

ஆனா உங்களுக்கு அந்தத் துல்லியம் எப்ப வேணும்? 5 வோல்ட் லைன்ல 5 வோல்ட் வருதா, கிளாக் சிக்னல் இருக்கா, ஷார்ட் எங்க இருக்கு: இதுக்கெல்லாம் ஆன் பண்ணின ரெண்டாவது நிமிஷமே போதும். பேட்டரியோட இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் பார்க்கிறது, ஒரு ரெஃபரன்ஸை மில்லிவோல்ட்டுக்குக் கீழ சரி பண்றது, இந்த மாதிரி வேலைக்குத்தான் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் தேவை.

அந்த அரை மணி நேரத்தையும் நீங்க உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. ஆபீஸ்ல இருந்து வந்ததும் பெஞ்ச் ஸ்விட்சைப் போடுங்க. குளிச்சு, சாப்பிட்டுட்டு வாங்க. கருவி தயாரா இருக்கும். உங்க நேரச் செலவு பூஜ்ஜியம்.

ஸ்மார்ட் ப்ளக்ல டைமர் வைக்கலாமான்னு யோசிக்கிறீங்களா? ஒரு எச்சரிக்கை. கரண்ட் வந்ததும் பவர் சப்ளையோட அவுட்புட் தானா ஆன் ஆகுதா, ஆஃப்லயே நிக்குதான்னு முதல்ல சோதிச்சுப் பாருங்க. தானா ஆன் ஆகிற சப்ளையை டைமர்ல மாட்டாதீங்க. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுலயும் இதே ஜாக்கிரதை வேணும்.

அப்ப எதை ஆன்லயே வைக்கணும்?

சில கருவிகளுக்கு, நிக்காம ஓடுறதுதான் அதோட வேலையே.

இந்திய நேரத்தைக் காப்பாத்துற டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துல சீசியம் அணுக் கடிகாரங்கள் தொடர்ந்து ஓடுது. அதை ராத்திரி அணைச்சுட்டுக் காலையில போட முடியாது. கேலிப்ரேஷன் லேப்ல வச்சிருக்கிற ஃப்ளூக் 732 மாதிரி டி.சி. வோல்டேஜ் ஸ்டாண்டர்டும் அப்படித்தான். வேற ஊருக்கு எடுத்துட்டுப் போகும்போதுகூட அணையக் கூடாதுன்னு உள்ளயே பேட்டரி வச்சிருக்காங்க. அடுப்பு வச்ச கிறிஸ்டல் ஆசிலேட்டர் இருக்கிற ஃப்ரீக்வன்சி கவுன்டர் இன்னொரு உதாரணம். அணைச்சுப் போட்டா, பழைய நிலைக்கு வர மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். அதனால அந்த வகை கருவிகள் பலதுல ஸ்டாண்ட்பை நிலையிலயும் அந்த அடுப்பு மட்டும் ஓடிக்கிட்டு இருக்கும்.

கம்பெனி லேப்ல வேலை பார்க்கிற நண்பர்களுக்கு: அங்க இந்தக் கட்டுரையைக் காட்டி நீங்களா எதையும் அணைக்காதீங்க. லேப் இன்சார்ஜ்கிட்டக் கேளுங்க. உங்க வீட்டு பெஞ்சோட கணக்கு வேற, அவங்க கேலிப்ரேஷன் கணக்கு வேற.

வீட்டுல ஆன்ல விட வேண்டிய நேரம் மூணே மூணு.

1. புதுசா வாங்கினப்ப. எலெக்ட்ரானிக்ஸ் ஒண்ணு ஆரம்பத்துலயே போகும், இல்லைன்னா ரொம்ப நாள் கழிச்சுப் போகும். ரிட்டர்ன் பண்ணக் கூடிய நாட்களுக்குள்ள, நீங்க வீட்டுல இருக்கிற ரெண்டு மூணு நாள் தொடர்ந்து ஓட விடுங்க. கோளாறு இருந்தா கடைக்காரர் செலவுல வெளிய வரட்டும்.

2. செகண்ட்ஹேண்ட் வாங்கினப்ப. சிம்மக்கல் பக்கம் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமை சந்தையில பழைய மீட்டர், பவர் சப்ளை எல்லாம் கண்ணுல படும். பல வருஷம் கரண்ட்டே பார்க்காத கருவியா இருக்கலாம். நேரா சுவத்துல மாட்டாதீங்க. முதல்ல சீரிஸ் பல்ப் போர்டு வழியா கொடுங்க. பல்ப் முழு வெளிச்சத்துல நின்னா உள்ள ஷார்ட். ஒரு தடவை மினுக்கிட்டு மங்கினா நல்ல அறிகுறி. அப்புறம் பக்கத்துல உக்காந்து ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பாருங்க.

3. நீண்ட டெஸ்ட் ஓடுறப்ப. ரிப்பேர் பண்ணின போர்டை 24 மணி நேரம் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கஸ்டமருக்குக் கொடுப்பேன்னா, அது தொழில் செலவு. தாராளமா ஓட்டுங்க, அந்த யூனிட்டை ரிப்பேர் சார்ஜ்ல சேர்த்துக்கோங்க.

நேர்மாறா, மாசக்கணக்குல தொடாம வைக்கிறதும் நல்லதில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல மாசம் ஒரு தடவை ஒரு மணி நேரம் ஓட விடுங்க. பழைய டிஜிட்டல் கருவிகள் சிலதுல கேலிப்ரேஷன் எண்கள் பேட்டரி மெமரியில இருக்கும். பேட்டரி தீர்ந்தா எண்களும் போச்சு. அதுக்காகக் கருவியை வருஷம் பூரா ஆன்ல வைக்காதீங்க. எண்களை பேக்கப் எடுத்துட்டு, தெரிஞ்சவரை வச்சு பேட்டரியை மாத்துங்க.

இன்னொரு கணக்கு: வீட்டு இணைப்பா, கடையா?

ஓய்வு நேரத்துல சொந்தமா நோண்டுறது வேற. போர்டு மாட்டி, கஸ்டமர் வந்து போற கடையா ஆகிறது வேற. கடை இணைப்புக்கு வீட்டுச் சலுகை கிடையாது, ரேட்டும் அதிகம். வீட்டு இணைப்புல கடை நடத்தினா, 2003 மின்சாரச் சட்டத்தோட 126-வது பிரிவுப்படி, அதுக்கு உரிய கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு போட்டு வசூலிக்கலாம். தொழில் வளர்றப்ப உங்க ஏரியா இ.பி. செக்ஷன் ஆபீஸ்ல போய்க் கேட்டு, கட்டண வகையை முன்கூட்டியே மாத்திக்கோங்க. அபராதம் கட்டின பிறகு மாத்துறதை விட அது ரொம்பச் சல்லிசு.

இந்த வாரம் செய்ய வேண்டியது

- பெஞ்ச் மொத்தத்தையும் ஒரே ஸ்பைக் கார்டுல கொண்டு வாங்க, மூணு பின் எர்த்தோட. ஸ்கோப்போட எர்த் பின்னை எந்தக் காரணத்துக்கும் வெட்டாதீங்க.
- சால்டரிங் அயர்னுக்குத் தனி ஸ்விட்ச். எழுந்து போனா அது முதல்ல ஆஃப்.
- மீட்டர் எல்.இ.டி.-யை எண்ணி, உங்க பெஞ்ச் எத்தனை வாட்னு ஸ்பைக் கார்டு மேலயே மார்க்கர்ல எழுதிடுங்க.
- கடைசி ஆறு இ.பி. பில்லை எடுத்து, எந்தெந்த மாசம் 400-ஐயும் 500-ஐயும் தொட்டீங்கன்னு பாருங்க. அந்த மாசங்கள்லதான் பெஞ்ச் விஷயத்துல கறாரா இருக்கணும்.
- வீட்டுக்கு வந்ததும் ஆன், படுக்கப் போகும்போது சுவத்து ஸ்விட்ச்ல ஆஃப். நடுவுல தொட வேண்டாம்.
- சைடு வருமானக் கணக்கு நோட்டுல "கரண்ட்"னு ஒரு வரி போடுங்க. வாட் × மணி ÷ 1,000 × உங்க உச்சி ரேட்டு. அது போக மிஞ்சுறதுதான் உங்க லாபம்.

இப்படி மிச்சமாகிற மாசம் 200, 400 ரூபாயை எஸ்.ஐ.பி.-ல போட்டா கோடீஸ்வரர் ஆயிடுவீங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா வருஷக் கடைசியில ஸ்கோப்புக்கு ஒரு நல்ல ப்ரோப் செட்டோ, பவர் சப்ளைக்குப் புது கெபாசிட்டர் செட்டோ அந்தக் காசுல வாங்கிடலாம். கருவியும் கூடப் பல வருஷம் உழைக்கும்.

அடுத்த வீடியோவுல வைஃபை ரவுட்டர், செட் டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் மூணையும் இதே மாதிரி அளந்து காட்டுறேன். அதுக்குள்ள உங்க மீட்டர்ல எத்தனை சிமிட்டல் வருதுன்னு எண்ணி வையுங்க.